மூன்று பிரியாணிக்கு 180180180 ரூபாய்

கேள்வி, ஆம்பூரிலிருந்து. மே 9, இரவு 8.12

சார், பைதான் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. எங்கள் மாமா பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் பில் போட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். மொத்தம் என்று ஒரு ஃபங்ஷன். விலை, எண்ணிக்கை இரண்டையும் வாங்கிப் பெருக்கி ரிட்டர்ன் செய்கிறது. கீழே விலையை இன்புட் வைத்துக் கேட்டு, மொத்தம்(விலை, 3) என்று கூப்பிடுகிறேன். 180 என்று தட்டினால் 180180180 என்று வருகிறது. "இன்னாடா, மூணு பிரியாணி பதினெட்டு கோடியா?" என்று மாமா சிரிக்கிறார்.

ஃபங்ஷன் இல்லாமல் 180 * 3 என்று நேராக எழுதினால் 540 சரியாக வருகிறது. ஆகவே ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது பைதான் எண்ணை எழுத்தாக மாற்றிவிடுகிறது என்பது என் முடிவு. இதை எப்படி நிறுத்துவது?

மே 9, இரவு 9.40

ஃபங்ஷன் மேல் பழி போடாதே தம்பி. அது வந்ததை வாங்கிப் பெருக்கிக் கொடுத்தது.

நீ ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம் செய்திருக்கிறாய். ஃபங்ஷன் இல்லாதபோது 180-ஐ நீயே புரோகிராமுக்குள் எழுதினாய். ஃபங்ஷன் எழுதியபோது அதே 180-ஐ இன்புட்டில் வாங்கினாய். சந்தேகம் இருந்தால் ஃபங்ஷனைத் தொடாமல் மொத்தம்(180, 3) என்று மட்டும் கூப்பிட்டுப் பார். 540 வரும்.

இன்புட் எதையும் எழுத்தாகத்தான் கொண்டுவந்து கொடுக்கும். நீ 180 தட்டினாலும் அதற்கு அது 1, 8, 0 என்று மூன்று எழுத்து. "மட்டன்" என்று தட்டியிருந்தாலும் இதே மரியாதைதான். பைதான் 3-ல் எப்போதும் இப்படி. பழைய பைதான் 2-ல் இன்புட் என்பது தட்டியதைக் கணக்காக எடுத்துக்கொண்டு எண்ணையே கொடுக்கும். எழுத்தாக வேண்டும் என்றால் ரா_இன்புட் என்று தனியாக ஒன்று இருந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகத்தை வைத்துப் படிக்கிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். உன் கையில் இருப்பது எந்த வருடத்துப் புத்தகம் என்று பார்த்துக்கொள்.

சரி, எழுத்தை மூன்றால் பெருக்கினால் பைதான் ஏன் சண்டைக்கு வரவில்லை? ஸ்டிரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, ஒரு முழு எண்ணால் பெருக்கினால் அத்தனை தடவை திரும்ப எழுது என்பது அங்கே முறையான வேலை. பில்லில் கோடு இழுக்க "-" * 32 என்று எழுதுவோம் இல்லையா, அதேதான். உன் 180-உம் கோடு மாதிரி மூன்று தடவை விழுந்திருக்கிறது.

விலை = இன்ட்(இன்புட்("விலை? ")) என்று வாங்கும் இடத்திலேயே எண்ணாக்கு. ஃபங்ஷனில் கை வைக்காதே.

புரோகிராம் வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் வகுப்பில் வரியை வாய்விட்டுப் படித்த பிறகுதான் என்டர் தட்ட விடுவேன். இந்த வரிகளையும் அப்படிப் படித்துக்கொள்ளுங்கள்.

மே 9, இரவு 10.05

ஒன்று விட்டுப்போனது. எண்ணிக்கையையும் நீ இன்புட்டில் வாங்கியிருந்தால் எழுத்தை எழுத்தால் பெருக்கச் சொன்ன மாதிரி ஆகி, அங்கேயே டைப்எரர் என்று நின்றிருக்கும். "கான்ட் மல்டிப்ளை சீக்வென்ஸ் பை நான்-இன்ட்" என்று ஆரம்பிக்கும் செய்தி அது. சோதனைக்குத்தானே என்று 3-ஐ நேராக எழுதினாய் பார், அதனால் சத்தமே இல்லாமல் பதினெட்டு கோடி ஆகிவிட்டது. இந்தச் சோம்பல் எனக்கும் உண்டு.

மே 10, காலை 6.30

ராத்திரி படுத்தபிறகு பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது.

குடியாத்தத்தில் நான் வைத்திருந்தது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். முன் அறையில் லோயர், ஹயர் என்று மெஷின்கள் தடதடக்கும். பின் அறையில் திரை போட்டு ஒரே ஒரு கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும், அதற்கு ஏதோ சாமி அறை மாதிரி மரியாதை. அதில் டர்போ சி வைத்து சி மொழி சொல்லிக் கொடுத்தேன். லுங்கித் தறி போட்டிருந்த வீட்டுப் பையன் ஒருவன், அப்பா நெசவாளர்களுக்குக் கொடுக்கும் கூலியைக் கூட்ட ஒரு புரோகிராம் எழுதினான். கூலி 40000-ஐத் தொட்டதும் திரையில் -25536 என்று வந்தது. "சார், எங்க நைனாவுக்கு அவங்கதான் தரணும்னு வருது சார்" என்றான். அரைமணி நேரம் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. டர்போ சியில் இன்ட் என்பது 16 பிட். 32767 வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு கீழேயிருந்து வரும். 40000-லிருந்து 65536-ஐக் கழித்தால் அந்த -25536.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சியில் பெயருக்கு வகை உண்டு. விலை என்ற பெயரை இன்ட் என்று முதலிலேயே எழுதிவைத்துவிடுவோம், அதில் வேறு எதுவும் உட்காராது. பைதானில் பெயருக்கு வகை கிடையாது. விலை என்பது ஒட்டியிருக்கும் சீட்டு. அது இந்த வரியில் எண்ணின் மேல் இருக்கும், அடுத்த வரியில் எழுத்தின் மேல் இருக்கும். சீட்டில் "விலை" என்று இருப்பதால் உள்ளே எண் இருக்கிறது என்று நம் மனம்தான் நினைத்துக்கொள்கிறது. ஃபங்ஷனுக்குள் அளபுருவுக்கு விலை என்று பெயர் வைத்ததும் அந்த நம்பிக்கை இரட்டிப்பாகிவிடும். பிளஸ் டூ புத்தகத்தில் ஃபங்ஷனைச் செயற்கூறு என்றும், அது வாங்கிக்கொள்வதை அளபுரு என்றும் போட்டிருக்கிறார்கள். பாடம் படித்தவர்களுக்காக அந்தச் சொல்.

மே 11, மதியம்

தம்பி கேட்டிருக்கிறான்: "பிரிண்ட் போட்டுப் பார்த்தேன் சார், 180 என்றுதான் காட்டியது. எண்தானே?"

பிரிண்ட்டை இந்த விஷயத்தில் நம்பாதே. எண் 180-ஐயும் எழுத்து 180-ஐயும் அது ஒரே மாதிரிதான் காட்டும். மேற்கோள் குறியைக் கழற்றிவிட்டுத்தான் திரைக்கு அனுப்பும். பிரிண்ட்(ரெப்ர்(விலை)) என்று போடு. எழுத்தாக இருந்தால் '180' என்று குறியோடு வரும். பிரிண்ட்(டைப்(விலை)) என்றாலும் சரி. நான் ரெப்ர்தான் போடுவேன். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் காலி இடம்கூட அதில் தெரிந்துவிடும்.

இதை ஃபங்ஷனின் முதல் வரியில் ஒன்று, கூப்பிடும் வரிக்கு முன்னால் ஒன்று என்று இரண்டு இடத்தில் போடு. இரண்டிலும் '180' என்று வந்தால் ஃபங்ஷனுக்கு வரும் முன்பே கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். உன் முதல் கேள்விக்கு அதுதான் நேர் பதில். அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும், கதையில் இறங்கிவிட்டேன்.

மே 13, இரவு

தம்பி இப்போது புத்திசாலித்தனமாக ஒன்று செய்திருக்கிறான். "வாங்கும் இடத்தில் மறந்துபோகும் என்று ஃபங்ஷனுக்குள்ளேயே விலை = இன்ட்(விலை), எண்ணிக்கை = இன்ட்(எண்ணிக்கை) என்று போட்டுவிட்டேன் சார். இனி யார் எதை அனுப்பினாலும் எண்ணாகிவிடும்."

நானும் பல வருடம் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பையன் மாற்றிவைத்தான். ஆம்பூரில் கல்யாணத்துக்குப் பிரியாணி கிலோ கணக்கில் போகும் இல்லையா, அதை வைத்தே சொல்கிறேன். ஐந்து கிலோ ஆர்டர், இரண்டு வீட்டுக்குச் சமமாகப் பிரித்து பில். மொத்தம்(கிலோவிலை, 5 / 2) என்று கூப்பிடுகிறாய். பைதான் 3-ல் 5 / 2 என்பது 2.5. அது ஃபங்ஷனுக்குள் போய் இன்ட்(2.5) ஆகும்போது 2 ஆகிவிடும். எச்சரிக்கை கிடையாது, செய்தி கிடையாது. வீட்டுக்கு அரைக் கிலோ பிரியாணி இலவசம்.

வேடிக்கை என்னவென்றால், அதே 2.5 எழுத்தாக வந்தால் இன்ட் ஒத்துக்கொள்ளாது. இன்ட்("2.5") என்றால் வால்யூஎரர். எழுத்தாக வந்தால் தகராறு செய்கிறது, தசம எண்ணாக வந்தால் மீதியை வெட்டி எறிந்துவிட்டுப் பேசாமல் இருக்கிறது. உள்ளே போட்ட இன்ட் உன்னைக் காப்பாற்றும் என்று நினைத்தாய். அது வெளியில் தெரிய வேண்டிய தப்பை மூடிவிடுகிறது.

ஆகவே என் இப்போதைய வழி: கீபோர்டோ கோப்போ, வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலில் ஒரு தடவை மாற்று. அதற்கு அப்புறம் உள்ளே ஓடுவதெல்லாம் எண். கணக்குப் போடும் ஃபங்ஷனுக்கு மாற்றும் வேலையைக் கொடுக்காதே.

கிலோவுக்குத் தசம எண்ணாக்கும் ஃப்ளோட், பிளேட்டுக்கு முழு எண்ணாக்கும் இன்ட். அப்புறம் மாமா 1,250 என்று கமா போட்டுத் தட்டினால் இரண்டுமே ஒத்துக்கொள்ளாது, கமாவை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் 1_250 என்று அடிக்கோடு போட்டால் பைதான் 3.6-லிருந்து ஒத்துக்கொள்ளும். பில் போடுகிற யார் அப்படித் தட்டுவார்கள் என்று கேட்காதீர்கள்.

மே 16

மூன்று நாள் ஆள் காணோம் என்று இரண்டு பேர் விசாரித்திருக்கிறார்கள். குடியாத்தத்துக்காரனிடம் வைகாசி முதல் தேதியில் பதில் எதிர்பார்க்கலாமா? கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில்தான். அம்மன் சிரசு ஊர்வலமாக வந்து கோயிலில் உடலோடு பொருத்துவதைப் பார்க்க ஆந்திராவிலிருந்துகூட வந்திருந்தார்கள். தொண்டை கட்டிவிட்டது, அதனால் சுருக்கமாக.

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் எழுதியிருக்கிறார்: "இவ்வளவு எதற்கு? அளபுருவுக்குப் பக்கத்தில் விலை: இன்ட் என்று வகையை எழுதிவிட்டால் முடிந்தது." முடியாதுங்க. பைதான் 3 வந்ததிலிருந்தே அப்படி எழுத வசதி இருக்கிறது, ஆனால் ஓடும்போது பைதான் அதைச் சரிபார்க்காது. விலை: இன்ட் என்று எழுதிய ஃபங்ஷனுக்கு '180' அனுப்பிப் பாருங்கள், அதே பதினெட்டு கோடி வரும். மைபை மாதிரி தனிக் கருவியை ஓட்டினால்தான் அது கண்டுபிடித்துச் சொல்லும். எழுதுவது நல்ல பழக்கம்தான், நானும் எழுதுகிறேன். கதவில் "செருப்பைக் கழற்றவும்" என்று எழுதி ஒட்டிவிட்டு உள்ளே போய்த் தூங்குகிற மாதிரி அது.

மே 18, மாலை

எழுத்தாக வந்த எண் பெருக்கலில் மட்டும்தான் வம்பு செய்யும் என்று நினைக்க வேண்டாம். என் மானம் போன கதை இது.

ஒரு டியூஷன் சென்டருக்கு மாதத் தேர்வு ரேங்க் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். மார்க்கை எக்செலில் அடித்து, கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வியாக மாற்றி, பைதானில் படித்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியாயிற்று. மறுநாள் காலை ஒரு அம்மா வந்து நின்றார். கையில் விடைத்தாள். கணக்கில் 100-க்கு 100. "எம் பொண்ணு பேரு கடைசியில கீது, ஃபெயில் ஆன பையனுக்கும் கீழ. இன்னா கணக்கு இது?" குரலை உயர்த்தவில்லை. விடைத்தாளை மட்டும் மேசை மேல் விரித்து, சிவப்பு மசியில் இருந்த 100-ஐ விரலால் இரண்டு தடவை தட்டினார்.

நான் போய்ச் சுவரைப் பார்த்தேன். முதலிடம் 99. அப்புறம் 98, 95 என்று ஒழுங்காக இறங்கி வந்து, 41, 35, 28, அதற்கும் கீழே 100.

சிஎஸ்வி மாட்யூல் எல்லாவற்றையும் எழுத்தாகத்தான் படித்துக் கொடுக்கும். எழுத்தை ஒப்பிட்டால் அகராதி முறைதான்: முதல் எழுத்தை முதலில் பார். 1 என்பது 2-க்கும் 3-க்கும் 9-க்கும் முன்னால். அங்கேயே தீர்ப்பு முடிந்துவிடும், பின்னால் எத்தனை சுழி இருந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. பெரியதைத் தேடித் தரும் மேக்ஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தாலும் 99 என்றுதான் சொல்லியிருக்கும். அடுக்கிக் கொடுத்த சார்ட்டட் ஃபங்ஷனுக்கும் குறையில்லை, மேக்ஸுக்கும் குறையில்லை. நான் கொடுத்ததுதான் குறை.

அந்தப் பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்த ஆற்காடு மக்கன் பேடாவின் விலையை டியூஷன் சென்டர் எனக்குத் தரவில்லை.

மே 18, இரவு

"எல்லோரும் இரண்டு இலக்கம் வாங்கியிருந்தால்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நல்ல கேள்வி. பட்டியல் சரியாகவே வந்திருக்கும். அதற்கு முந்தின மூன்று மாதம் அப்படித்தான் வந்தது. அதுவரை யாரும் 100 வாங்கவில்லை, ஒற்றை இலக்கத்துக்கும் யாரும் இறங்கவில்லை. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

மே 21

இப்போது நானே என்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். 13-ஆம் தேதிக் குறிப்பில், உள்ளே ஓடுவதெல்லாம் எண் என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு இலக்கம் தெரிகிற இடத்திலெல்லாம் இன்ட் போட்டுக்கொண்டிருக்கிறார் ஒருவர். நிறுத்துங்கள். எனக்கு விழுந்த அடி போதும்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பொருள் கடை. பெயர் வேண்டாம். தீபாவளி வாழ்த்து அட்டைக்கு எழுநூறு முகவரிச் சீட்டு அச்சிடும் வேலை. அட்டவணைகளைக் கையாள பைதானில் இருக்கும் பாண்டாஸ் வைத்துக் கோப்பைப் படித்து, சீட்டை அச்சுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் எல்லா முகவரியிலும் "வேலூர் - 632001.0", "ஆம்பூர் - 635802.0". தபால்காரர் தசமப் புள்ளியைப் பார்த்தால் என்ன நினைப்பார்? கோப்பில் நாலைந்து பேருக்குப் பின்கோடு இல்லாமல் காலியாக இருந்தது. காலி இடம் இருந்தால் பாண்டாஸ் அந்த நெடுவரிசை முழுவதையும் ஃப்ளோட் ஆக்கிவிடும். அதைச் சரி செய்தேன் என்று பார்த்தால், தொலைபேசிக்கு முன்னால் போடும் எஸ்டிடி கோடு 0416 என்பது 416 ஆகி நின்றது. சுழியைக் காணோம். படிக்கும்போதே பின்கோடு, எஸ்டிடி இரண்டும் எழுத்து என்று சொல்லியிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. எழுநூறு சீட்டுக்கான தாள் செலவு என் தலையில்.

பழைய வட ஆற்காட்டு ஆட்களுக்காக ஒரு விளையாட்டு. பைதான் 2-ல் 0416 என்று நேராகக் கோடுக்குள் எழுதினால் அது 270. ஏனென்றால் சுழியில் ஆரம்பித்தால் எட்டின் அடிமானம் என்று எடுத்துக்கொள்ளும்: 4 அறுபத்து நான்கு, ஓர் எட்டு, ஓர் ஆறு. சியில் இன்றைக்கும் அப்படியே. ராணிப்பேட்டை 04172 எழுதினால் 2170. திருப்பத்தூர் 04179 எழுதினால் பிழை, எட்டின் அடிமானத்தில் ஒன்பது கிடையாதே. பைதான் 3 சுழியில் ஆரம்பிக்கும் எண்ணை எழுதவே விடாது, சின்டாக்ஸ்எரர் என்று நிறுத்திவிடும். ஆனால் இன்ட்("0416") என்று எழுத்திலிருந்து மாற்றினால் சத்தமில்லாமல் 416.

இரண்டு பின்கோடைக் கூட்டுவாயா? இரண்டு செல் நம்பரின் சராசரி எடுப்பாயா? மாட்டாய் என்றால் அது எண் இல்லை, இலக்கத்தில் எழுதிய பெயர். இப்போது வகுப்பில் இதைத்தான் கேட்கச் சொல்கிறேன். மார்க், விலை, கிலோ எல்லாம் எண். தேர்வுப் பதிவெண், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் எழுத்து.

மே 21, அரைமணி கழித்து

"பஸ் நம்பர்?" எழுத்து. "வயது?" எண். "வீட்டுக் கதவு எண்?" 12/3ஏ என்று வரும்போது தெரிந்துகொள்வீர்கள். போதும், தூங்கப் போகிறேன்.

மே 24

ஆம்பூர்த் தம்பி மறுபடி மாட்டிக்கொண்டான். பில்லில் ஒரு வசதி சேர்த்திருக்கிறான்: "பார்சலா? 1 / 0" என்று கேட்கும், ஆம் என்றால் டப்பாவுக்குப் பத்து ரூபாய் சேர்க்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடையில் நிற்க இடமில்லை. இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவர் பில்லைப் பார்த்து, "தம்பி, நான் வயித்துலதான் பார்சல் கட்டிகினு போறேன்" என்றாராம். அதற்குள் முப்பது பேரிடம் பத்துப் பத்து ரூபாய் வாங்கியாயிற்று.

இஃப் பார்சல் என்று எழுதியிருக்கிறான். இன்புட்டிலிருந்து வந்த '0' எழுத்து. எழுத்தில் காலி ஸ்டிரிங் மட்டும்தான் பைதானுக்குப் பொய், மற்றதெல்லாம் மெய். '0' மெய், 'இல்லை' மெய், 'ஃபால்ஸ்' என்று தட்டினாலும் மெய்யேதான். இதில் பெருக்கலும் இல்லை, எரரும் இல்லை, கோபப்பட ஆள் மட்டும்தான் இருந்தார். இஃப் பார்சல் == '1' என்று ஒப்பிட்டால் தீர்ந்தது.

மாமா வாங்கிய பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

மே 27

இன்னொரு வகைக் குழப்பம், இதில் இன்புட்டுக்குச் சம்பந்தமில்லை. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து கல்லூரி முதலாண்டு மாணவி: "மொத்தம் ஃபங்ஷன் திரையில் 540 என்று சரியாகக் காட்டுகிறது. ஐந்து சதவீத ஜிஎஸ்டி போட அதை 0.05-ஆல் பெருக்கினால் நன்டைப் என்று ஏதோ வருகிறது. 540 எங்கே போயிற்று சார்?"

எங்கும் போகவில்லையம்மா, உங்கள் கைக்கு வரவே இல்லை. ஃபங்ஷனுக்குள் கடைசி வரியில் ரிட்டர்ன் எழுதாமல் பிரிண்ட் எழுதியிருக்கிறீர்கள். பிரிண்ட் திரையில் எழுதிவிட்டுப் போய்விடும். ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன் கொடுப்பது நன், அதாவது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லையை 0.05-ஆல் பெருக்கச் சொன்னால் டைப்எரர்தான். ரிட்டர்ன் எழுதிப் பாருங்கள், வரி 27.0, மொத்தம் 567.0.

எழில் என்று பைதானைக் கொண்டே கட்டிய தமிழ் நிரல்மொழி ஒன்று இருக்கிறது. அதில் பிரிண்ட்டுக்குப் பதிப்பி, ரிட்டர்னுக்குப் பின்கொடு. இந்த இரண்டையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். பத்து வருடமாக நான் கத்திப் புரியவைத்ததை அந்த இரண்டு சொல் ஒரு நிமிடத்தில் புரியவைத்தது. கொஞ்சம் பொறாமைதான்.

மே 28

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார்: "உங்கள் பைதானுக்குத் தமிழ் எண் தெரியுமா?"

தெரியும் ஐயா. நான் நம்பாமல் நேற்று வகுப்பில் தட்டிப் பார்த்தேன். இன்ட்("௧௮௦") என்றால் 180 என்று கொடுக்கிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் உங்களுக்குப் பழைய முறை தெரிந்திருக்கும்: நூற்றெண்பது என்றால் ௱௮௰, நூறு, எட்டு, பத்து என்று சொல்வது போலவே எழுதுவது. அதைக் கொடுத்தால் வால்யூஎரர். ௧ முதல் ௯ வரையும் ௦-உம் யூனிகோடில் இடமதிப்பு இலக்கங்கள். ௰, ௱, ௲ மூன்றும் எண்மதிப்பு உள்ள குறிகள்தான், ஆனால் இலக்கம் என்ற வகையில் சேரவில்லை. இஸ்நியூமெரிக் என்று கேட்டால் ௰-க்கு ஆம் என்கிறது, இஸ்டிஜிட் என்று கேட்டால் இல்லை என்கிறது. இன்புட்டைச் சரிபார்க்க இஸ்நியூமெரிக் போடுகிறவர்கள் கவனிக்கவும். அது ஆம் என்று சொன்னதை இன்ட் மறுக்கும்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால் பதில் இல்லை. எனக்கு ஒரு மாலை நன்றாகப் போயிற்று.

ஜூன் 1

தம்பியின் புரோகிராம் ஒரு வழியாக நிலைக்கு வந்திருக்கிறது. எண்_வாங்கு என்று தனி ஃபங்ஷன். வாங்கியதை ஃப்ளோட் ஆக்கப் பார்க்கும், வால்யூஎரர் வந்தால் "மறுபடி சொல்லுங்க" என்று திரும்பக் கேட்கும், எண் கிடைக்கும்வரை விடாது. மொத்தம் ஃபங்ஷன் முதல் நாள் எழுதிய அதே ஒரு வரிதான், மாறவில்லை. ஃபங்ஷன் பெயர், அளபுருப் பெயர் எல்லாம் தமிழில். பைதான் 3 அதை அனுமதிக்கும்.

வெள்ளிக்கிழமை மாமாவே உட்கார்ந்து தட்டிப் பார்த்திருக்கிறார். எண்ணிக்கைக்கு "அரை" என்று தட்டினாராம். மறுபடி சொல்லுங்க என்றது. மறுபடியும் "அரை" என்றே தட்டினார். நான்கு தடவை. "காது கேக்கலையா இதுக்கு?" என்றிருக்கிறார். தம்பி உடனே அரை என்று வந்தால் 0.5 என்று எடுத்துக்கொள்ளும்படி வாசலிலேயே ஒரு டிக்‌ஷனரி வைத்துவிட்டான். சபாஷ், இடம் சரியான இடம்.

இப்போது அரை பிளேட்டுக்கு பில் 90.0 ரூபாய் என்று வருகிறது. கடையில் அரை பிளேட் 110.